ஹட்டன் ஏன் சிறிய ஊராகவே தெரிகிறது? மலையகச் சனத்தொகையும் அதை எண்ணும் முறையும்

2001 யூலையில் நடந்த குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையின் மலையகத்திலுள்ள நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகை 703,610. 2012 மார்ச்சில் மீண்டும் எண்ணியபோது அது 711,644 ஆக இருந்தது. பத்தரை ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளியில் ஒரு முழு மாவட்டத்துக்குக் கூடியவர்கள் 8,034 பேர் மாத்திரமே. அதற்கு முந்திய இருபது ஆண்டுகளில், 1983இன் வன்செயலையும் அதன் பின்னான இடப்பெயர்வுகளையும் தாங்கிக்கொண்டு, இதே மாவட்டம் 603,577 இலிருந்து ஒரு இலட்சம் பேரால் பெருகியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த 8,034 என்ற எண் எவ்வளவு விசித்திரமானது என்பது புரியும்.

அக்காலத்தில் இலங்கையில் ஆயிரம் பேருக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 18 பிறப்புகளும் 6 இறப்புகளும் பதிவாகிக்கொண்டிருந்தன. அதாவது, யாரும் வராமலும் போகாமலும் இருந்திருந்தால் சனத்தொகை ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலாகப் பெருகியிருக்க வேண்டும். நுவரெலியாவுக்கு இதை ஒரு சதவீதமென்று குறைத்துப் பிடித்தாலும், 2012இல் மாவட்டம் சுமார் 79,000 பேரால் கூடியிருக்க வேண்டும். கூடியது அதில் பத்தில் ஒரு பங்கு. எஞ்சிய 70,000 பேரளவில், வந்தவர்களைக் கழித்துப் பார்த்தாலும், மாவட்டத்தை விட்டுப் போயிருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை. ஆனால் சம்பள வாரத்தில் இதே மாவட்டத்து ஹட்டன் நகரின் பஸ் நிலையத்தில் நிற்கும் எவரும் இந்த ஊரில் சனம் குறைகிறது என்று சொல்ல மாட்டார்கள். இந்த இரண்டு உண்மைகளும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேகமாக வளரும் இளைய நகரம் ஒன்று எப்படி இருக்கும் என்பதற்கு, நமக்கு மேற்கே கடல் கடந்து இருக்கும் தார் எஸ் சலாம் நல்ல எடுத்துக்காட்டு. தன்சானியாவின் அந்தத் துறைமுக நகரில் 2002இல் சுமார் 25 இலட்சம் பேர் வாழ்ந்தார்கள், 2012இல் 43.6 இலட்சம், 2022இல் 53.8 இலட்சம். அத்தகைய நகரத்தின் வயதுக் கூம்பகத்தை, அதாவது ஒவ்வொரு வயதினரின் தொகையையும் கீழிருந்து மேலாகப் படிகளாக அடுக்கிக் காட்டும் படத்தை, வரைந்தால் அடியில் குழந்தைகளின் படி அகலமாக இருக்கும். இருபதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்ட படிகள் பக்கவாட்டில் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். முதியோரின் முனை ஒடுங்கிப் போயிருக்கும். வெளியே தள்ளும் அந்த நடுப்பகுதிதான் நகரத்தின் உயிர். கிராமத்திலிருந்து வேலை தேடி வந்தவர்கள், அங்கேயே மணமுடித்துப் பிள்ளை பெறுபவர்கள், வாடகை அறையில் நால்வராகத் தங்கியிருப்பவர்கள் எல்லோரும் அதில் அடங்குவார்கள். ஏழு பாகை வட அகலக்கோட்டில் இருக்கும் நுவரெலியாவும், குளிருக்குச் சுவெட்டர் போட்டுக்கொண்டாலும், புவியியலின்படி வெப்பமண்டல நகரமே. ஆனால் எந்த வயதினரால் அங்கே நகரம் வீங்குகிறதோ, அதே வயதினரை இங்கே மலைகள் இழந்துகொண்டிருக்கின்றன. தார் எஸ் சலாமின் கூம்பகம் வெளியே தள்ளும் இடத்தில் மலையகத்தின் கூம்பகம் உள்ளே குழிந்திருக்கிறது.

இது கதையின் ஒரு பாதி. மற்றப் பாதி, நகரம் என்று எதை எண்ணுகிறோம் என்பதில் இருக்கிறது.

இலங்கையின் புள்ளிவிபரங்கள் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று துறைகளாகப் பிரிக்கின்றன. மாநகரசபை அல்லது நகரசபை எல்லைக்குள் இருப்பது மாத்திரமே நகரம். இருபது ஏக்கரோ அதற்கு மேலோ பரப்பும், பத்துப் பேரோ அதற்கு மேலோ குடியிருக்கும் தொழிலாளரும் உள்ள பெருந்தோட்டம் தோட்டத்துறை. மீதியெல்லாம் கிராமம். முன்னர் பட்டினசபைகளும் நகரத்துக்குள் சேர்ந்திருந்தன. எண்பதுகளில் அவை கலைக்கப்பட்டு, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிரதேச சபைகள் அமைந்தபோது, அதுவரை நகரவாசிகளாக எண்ணப்பட்ட ஆயிரக்கணக்கானோர் இருந்த இடத்தில் இருந்தபடியே கிராமவாசிகளானார்கள். 1971இல் 22.4 ஆக இருந்த நாட்டின் நகரச் சனத்தொகைச் சதவீதம் 2012இல் 18.2 ஆகக் குறைந்ததற்கு இது பெரும் காரணம். நாற்பது ஆண்டுகளில் நாடு நகரத்திலிருந்து கிராமத்துக்குத் திரும்பிவிட்டது என்று இந்த எண்களை மாத்திரம் வாசிக்கும் ஒருவர் நினைத்தால், அவரைக் குறை சொல்ல முடியாது.

மலையகத்தில் இந்த வரையறையின் விளைவு இன்னும் கடுமையானது. நுவரெலியா மாவட்டத்தில் மூன்று இடங்களே நகரம்: நுவரெலியா மாநகரசபை, ஹட்டன்–டிக்கோயா நகரசபை, தலவாக்கலை–லிந்துலை நகரசபை. மூன்றையும் கூட்டினாலும் மாவட்டத்தின் சனத்தொகையில் 6 சதவீதம் அளவிலேயே வரும். பாதிக்கும் மேற்பட்டோர் தோட்டத்துறையில் இருக்கிறார்கள். மஸ்கெலியா, பொகவந்தலாவை, கொட்டகலை, நோர்வூட், இராகலை, பூண்டுலோயா ஆகிய இடங்களில் வங்கி இருக்கிறது, அடகுக்கடை இருக்கிறது, மருந்தகம், டியூஷன் வகுப்பு, கைத்தொலைபேசி திருத்துமிடம், புடவைக் கடை எல்லாம் இருக்கின்றன. தோட்டத்துச் சனம் அவற்றை "டவுன்" என்றுதான் சொல்கிறது. ஆனால் புள்ளிவிபரத்துக்கு அவை நகரங்கள் இல்லை.

ஹட்டனையே எடுத்துக்கொள்வோம். 1884இல் புகையிரதப் பாதை வந்து சேர்ந்ததும் நிலையத்தைச் சுற்றி உருவான ஊர் அது. டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பள்ளத்தாக்குகளின் தேயிலைப் பெட்டிகள் இறங்கிவந்து ரயிலேறிய இடம் என்பதால், அந்தப் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த அத்தனை பேருக்கும் அதுவே வெளியுலகத்தின் வாசலாயிற்று. இன்றும் அப்படித்தான். 2012இல் அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவில் மாத்திரம் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் பாடசாலைக்கும் வைத்தியத்துக்கும் நகை அடகு வைக்கவும் மீட்கவும் கொழும்பு பஸ் பிடிக்கவும் ஹட்டனையே நம்பியிருக்கிறார்கள். ஆனால் நகரசபை எல்லைக்குள் வாழ்பவர்கள் 20,000க்கும் குறைவு. இரண்டு இலட்சம் பேரின் நகரம் இருபதாயிரம் பேரின் நகரமாகப் பதிவாகியிருக்கிறது.

குடியிருப்போர் தொகை ஏன் கூடவில்லை என்பதற்கு நிலமே பதில். ஹட்டனைச் சுற்றி நான்கு பக்கமும் தேயிலை. அந்தத் தேயிலை நிலம் 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாகி, 1992இல் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டு, 53 ஆண்டுக் குத்தகையில் இருக்கிறது. வேறு ஊர்களில் நகரம் பெருகும்போது ஓரத்து வயல் வீட்டுமனையாகும், தோப்பு தெருவாகும். இங்கே தேயிலைக் கொழுந்து நிற்கும் வரம்போடு நகரம் நின்றுவிடுகிறது. வரம்புக்கு உள்ளே ஒரு பர்ச் (சுமார் 25 சதுர மீற்றர்) நிலத்தின் விலை தோட்டத்து இளைஞர் நினைத்துப் பார்க்கக்கூடியதாக இல்லை. கிடைக்கும் இடமும் பெரும்பாலும் சரிவு. 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், மண்சரிவில் புதைந்த பிறகு, சரிவில் கட்டுவதன் அபாயத்தை யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆகவே நகரத்தில் வேலை செய்பவர் மாலையில் தோட்டத்துக்குத் திரும்புகிறார். அங்கே அவரும் தோட்டத்துறையில் ஒருவராக எண்ணப்படுகிறார். தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்யாதவர்கள், ஆசிரியர்கள், கடைப் பணியாளர்கள், முச்சக்கரவண்டி ஓட்டுபவர்கள், தாதியர், வங்கி எழுதுநர்கள் பலரும் இன்று லயத்திலோ லயத்தை ஒட்டிய தனி வீட்டிலோ வாழ்கிறார்கள். தோட்டத்துறை என்றாலே கொழுந்து பறிப்பவர்கள் என்று இன்னும் நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எண்ணும் முறை ஏட்டோடு நின்றுவிடுவதில்லை; ஆட்சியின் அளவையும் அதுவே தீர்மானிக்கிறது. 2012இல் நாட்டில் 331 பிரதேச செயலகப் பிரிவுகள் இருந்தன. சராசரியாக ஒன்றுக்கு 61,500 பேர். நுவரெலியா மாவட்டத்தில் ஐந்தே ஐந்து. அவற்றில் நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரண்டும் தலா இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தன. பிறப்புச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் காணி அலுவலுக்கும் ஓர் அலுவலகத்தின் முன் மூன்று பிரிவுகளின் சனம் வரிசையில் நின்றது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். பிரதேச சபைச் சட்டமோ தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபையின் நிதியைச் செலவிடுவதற்கு நீண்டகாலம் தடையாக இருந்தது. வாக்களித்தவர்களின் வீதியைத் திருத்த, அவர்கள் தெரிவுசெய்த சபையால் முடியவில்லை. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலோடு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய புதிய பிரதேச சபைகள் இயங்கத் தொடங்கின. செயலகப் பிரிவுகளின் எண்ணிக்கையும் பின்னர் கூட்டப்பட்டது. இவை மலையகத்தவரின் நீண்ட கோரிக்கையால் கிடைத்தவை. காலம் கடந்து கிடைத்தவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தச் சனத்தொகை உருவான விதம் சுருக்கமாகச் சொல்லத்தக்கது. கோப்பிக் காலத்தில், 1820களிலிருந்து, தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்; அறுவடை முடிந்ததும் பலர் திரும்பிப் போனார்கள். கோப்பியை இலை நோய் அழித்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தபோது, ஆண்டு முழுவதும் பறிக்கப் பெண்களின் கைகள் தேவைப்பட்டன. குடும்பங்கள் வந்தன, தங்கின. 1911இல் முதன்முறையாக இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று பிரித்து எண்ணியபோது, இந்தியத் தமிழர் 530,983 பேர். நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழ 13 சதவீதம். 1971இல் அவர்கள் 11.7 இலட்சத்தைத் தாண்டினார்கள். அதற்கடுத்த 1981ஆம் ஆண்டுக் கணக்கில் 818,656 பேர். பத்து ஆண்டுகளில் மூன்றரை இலட்சம் பேர் குறைந்த சமூகம் இலங்கையில் வேறொன்றும் இல்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியவர்களின் தலைவிதியை 1964 ஒக்டோபரின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எண்களால் தீர்த்தது: 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேர் பிறகு பேசப்படுவார்கள். 1974இல் அந்த மிச்சமும் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டது. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறியவர்களில் இளம் பெற்றோரும் அவர்களின் பிள்ளைகளும் மிகுதி. ஒரு தலைமுறையே போனால் அதற்குப் பிறக்கவிருந்த தலைமுறையும் கூடவே போய்விடுகிறது என்பதால், அந்த இழப்பு எழுபதுகளோடு முடியவில்லை. இன்றைய வயதுக் கூம்பகத்திலும் அது இருக்கிறது. எழுபதுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் பட்டினிச் சாவுகளைக் கண்டும், 1977, 1983 வன்செயல்களுக்குத் தப்பியும் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறியவர்கள் இன்னொரு பங்கு.

1981இன் வீழ்ச்சியில் வேறொன்றும் கலந்திருக்கிறது. நாடற்றவர் என்ற அச்சத்தில் வாழ்ந்த பலர், கணக்கெடுப்பாளர் கேட்டபோது தங்களை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டார்கள். அந்தப் போக்கு நிற்கவில்லை. 2012இல் இந்தியத் தமிழர் 839,504 பேர், நாட்டின் சனத்தொகையில் 4.1 சதவீதம். 2024இல், மலையகத் தமிழர் என்ற பெயரையும் சேர்த்துக் கேட்டபோதும், 2.8 சதவீதம், அதாவது சுமார் ஆறு இலட்சம். அதே பன்னிரண்டு ஆண்டுகளில் இலங்கைத் தமிழரின் பங்கு 11.1 இலிருந்து 12.3 ஆக உயர்ந்தது. நாடு முழுவதும் சுமார் 7 சதவீதம் பெருகிய காலத்தில் ஒரு பிரிவு 18 சதவீதம் பெருகவும் மற்றொன்று கால்பங்குக்கும் மேல் சுருங்கவும் பிறப்பும் இறப்பும் மாத்திரம் காரணமாக இருக்க முடியாது. பெயர் மாறிய ஆட்களும் இதில் இருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் என்ன எழுதுவது என்பது ஒவ்வொரு குடும்பத்தின் உரிமை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் வீடமைப்புக்கும் பாடசாலைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இந்த எண்ணை வைத்தே வாதாடுகிற ஒரு சமூகம், அந்த எண் எதை அளக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

இனி, போனவர்கள் யார் என்ற கேள்வி. பெரும்பாலும் சாதாரண தரம் வரையோ உயர்தரம் வரையோ படித்து முடித்த பதினெட்டு, இருபது வயதினர். ஆண்கள் புறக்கோட்டையின் மொத்தக் கடைகளுக்கும் வெள்ளவத்தை, வத்தளைப் பக்கத்து உணவகங்களுக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் கொழும்பு வீடுகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறார்கள். தாய் வெளிநாட்டில், தந்தை கொழும்பில், பிள்ளைகள் அம்மாயியோடு லயத்தில் என்பது இன்று அபூர்வமான குடும்பம் இல்லை. தோட்டம் அவர்களைப் பிடித்துவைக்கவில்லை என்பதற்குச் சம்பளமே சான்று: நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்பது 2021இல்தான் நடைமுறைக்கு வந்தது, அதுவும் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு. 1992இல் கம்பனிகள் பொறுப்பேற்றபோது அவற்றில் பதிந்து வேலை செய்தவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேல். இன்று அதில் பாதிகூட இல்லை.

போனவர்கள் புள்ளிவிபரத்தில் இன்னொரு மாற்றத்தையும் விட்டுச் செல்கிறார்கள். 2019ஆம் ஆண்டின் அளவீட்டின்படி நாட்டில் வறியோர் 14.3 சதவீதம், நகரத்தில் 6, கிராமத்தில் 15, தோட்டத்தில் 51.3. இந்த இடைவெளி உண்மையானது. அதைக் குறைத்துக் காட்ட எவரும் முயலக் கூடாது. எனினும் தோட்டத்துறை என்பது ஓர் இடத்தின் பெயர். அங்கே பிறந்து படித்துக் கொழும்பில் நல்ல சம்பளத்துக்குப் போன பெண்ணின் வருமானம் நகரத்தின் கணக்கில் ஏறுகிறது; அவளுடைய பெற்றோர் தோட்டத்தின் கணக்கில் தங்குகிறார்கள். முன்னேறியவர்கள் ஒவ்வொருவரும் வெளியேறும்போது, தங்கியவர்களின் சராசரி இறங்குகிறது. அதேபோல், கொழும்பின் சேரிகளில் நெருங்கி வாழும் மலையக இளைஞரின் வறுமை எந்த மலையகக் கணக்கிலும் வருவதில்லை. முதலாவது தவறு சமூகத்தின் முன்னேற்றத்தையும் இரண்டாவது அதன் துன்பத்தையும் மறைக்கிறது.

போனவர்கள் முழுதாகப் போய்விட்டார்களா என்பதற்கு வாக்காளர் இடாப்பு ஒரு குறிப்பைத் தருகிறது. 2024இல் நாட்டின் பதிவு பெற்ற வாக்காளர் 1 கோடி 71 இலட்சம். அது மொத்தச் சனத்தொகையில் ஐந்தில் நான்குக்குச் சற்றுக் குறைவு. நுவரெலியாவில் வாக்காளர் ஆறு இலட்சத்தைத் தாண்டினர். அது மாவட்டச் சனத்தொகையில் ஐந்தில் நான்குக்கும் மேல். கணக்கெடுப்பு வழமையாக வதியும் இடத்தில் ஆளை எண்ணுகிறது. வாக்காளர் இடாப்போ குடும்பத்தலைவர் எழுதிக் கொடுக்கும் பெயரை ஏற்கிறது. கொழும்பில் அறையெடுத்து வாழும் மகனின் பெயரைத் தந்தை வீட்டு இடாப்பிலேயே வைத்திருக்கிறார் என்பதே இந்த வேறுபாட்டுக்கு மிகவும் பொருத்தமான விளக்கமாக எனக்குப் படுகிறது. தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் தேர்தலுக்கும் கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு மேலதிக பஸ்கள் ஓட வேண்டியிருப்பதும் இதனால்தான்.

ஆகவே மலையகத்தின் இளைய நகரம் மூன்று துண்டுகளாக இருக்கிறது. ஒரு துண்டு கொழும்பின் வாடகை அறைகளில்; இன்னொன்று நகரமென்று பெயரில்லாத கடைத்தெருக்களில்; மூன்றாவது, நகரத்தில் உழைத்துத் தோட்டத்தில் உறங்கும் குடும்பங்களில். இவற்றை ஒன்றாகப் பார்க்கத் தேவையான தரவு பெரும்பாலும் ஏற்கெனவே சேகரிக்கப்படுவதுதான். குடிசன மதிப்பீடு பிறந்த மாவட்டத்தையும் வதியும் மாவட்டத்தையும் கேட்கிறது. அவற்றை வயது, பால், தொழிலோடு குறுக்காக அட்டவணைப்படுத்தினால் யார், எந்த வயதில், எங்கே போனார்கள் என்பது தெரியும். கிராம உத்தியோகத்தர் பிரிவு மட்டத்தில் சன அடர்த்தியையும், விவசாயத்துக்கு வெளியே தொழில் செய்வோரின் விகிதத்தையும் அளவுகோலாகக் கொண்டால், மஸ்கெலியாவும் கொட்டகலையும் இராகலையும் நகரமா இல்லையா என்பதைச் சபையின் பெயர்ப்பலகை தீர்மானிக்கத் தேவையில்லை. அப்படி எண்ணினால் ஹட்டனின் குப்பை, குடிநீர், பஸ் நிலையம், வைத்தியசாலைக் கட்டில் ஆகியவற்றுக்கான ஒதுக்கீட்டை இரண்டு இலட்சம் பேருக்கென்று கேட்க முடியும். நிலத்துக்கும் இதுவே பொருந்தும்: குத்தகைகள் முடியும் 2045 வரை காத்திராமல், நகரங்களை ஒட்டிய, தேயிலை விளைச்சல் குன்றிய, மண்சரிவு அபாயமற்ற பகுதிகளை எவ்வளவு விடுவிக்க வேண்டும் என்று கணக்கிட, திரும்பி வர விரும்புவோர் எத்தனை பேர், அவர்கள் எந்த வயதினர் என்ற எண்ணே முதலில் மேசைக்கு வர வேண்டும்.